கல்லடியில் ஒரு முதல் கணினி: கார்ட்டைத் தீர்மானித்தது யூபிஎஸ்

இடம் மட்டக்களப்பு, கல்லடி. காலம் 2024 செப்டெம்பர். உயர்தரப் பரீட்சை முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த ஓர் இளைஞர், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே பாகம் பாகமாய் வாங்கிக் கணினி பொருத்த இறங்கினார். கட்டாரிலிருந்து மாமா அனுப்பிய பணம் 2 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அதில் திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் கார்ட்டுக்கு ஒதுக்கியது 1 இலட்சத்து 15 ஆயிரம். வீட்டில் ஏற்கெனவே இருந்தவை மூன்று: 24 அங்குல 1080பி மொனிட்டர் (75 ஹேர்ட்ஸ்), 650 விஏ யூபிஎஸ் (கரண்ட் போனால் பற்றரியிலிருந்து சற்று நேரம் மின் தரும் பெட்டி) ஒன்று, ‘500 வாட்’ பவர் சப்ளையோடு மலிவாக வாங்கிவைத்த ஒரு கேசிங்.

தேவை இரண்டு. இரவில் கேம்: வலரன்ட், ஜிடிஏ 5, முடிந்தால் சைபர்பங்க் 2077. பகலில் களுவாஞ்சிக்குடியில் கலியாண வீடியோ எடுக்கும் அண்ணனுக்கு எடிட்டிங். இந்த இரண்டாவது தேவையைக் கடையில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு கணக்கை மாற்றியது அதுதான்.

கையில் வந்த பெயர்கள்

முதலில் வந்தது ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580, பாவித்தது. “தம்பி, 8 ஜிபி கார்ட், எல்லா கேமும் ஓடும்” என்பது விற்றவர் வாக்கு. 2017இல் வந்த கார்ட் அது. 8 ஜிபி என்பது உண்மைதான், ஆனால் நினைவகத்தின் அளவை வைத்து வேகத்தைச் சொல்ல முடியாது. பெரிய அலுமாரி வைத்திருப்பவரெல்லாம் வேகமாக உடுத்துவதில்லை. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ‘580’ என்ற பெயரில் இரண்டு பொருள் சுற்றுகின்றன. அசல் 580இல் 2304 ஷேடர்கள் (படத்துக்கான கணக்கைப் போடும் சிறு அலகுகள்). சீனச் சந்தைக்காக வந்த ‘2048எஸ்பி’யில் 2048 மட்டும், அதாவது உள்ளே இருப்பது ஏறக்குறைய ஆர்எக்ஸ் 570. பெட்டியில் பெயர் ஒன்றுதான். ஜிபியு-இஸட் மென்பொருளைத் திறந்து ஷேடர் எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 2022 செப்டெம்பரில் எதிரியம் என்ற மின்நாணயத்தைக் கார்ட்டால் ஈட்டும் மைனிங் நின்றதும் இத்தகைய கார்ட்டுகள் மூட்டை மூட்டையாய்ச் சந்தைக்கு வந்தன. மைனிங் செய்த கார்ட் எல்லாமே கெட்டதல்ல. ஆனால் நினைவகத்தை முடுக்கக் கார்ட்டின் பயோஸை (உள் மென்பொருளை) மாற்றியிருப்பார்கள், விசிறியின் பெயரிங் தேய்ந்திருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் காய்ந்திருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 580இல் ரே ட்ரேசிங் (ஒளி போகும் வழியைக் கணித்து வரைவது) வன்பொருள் கிடையாது. அது இல்லாவிட்டால் தொடங்கவே மறுக்கும் கேம்கள் இப்போது வருகின்றன. இந்தத் தலைமுறைக்குரிய டிரைவரையும் 2023 கடைசியில் ஏஎம்டி தனிக் கிளையாக ஒதுக்கிவிட்டது.

இரண்டாவது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. புதிது, வாரண்டியோடு, விலையும் கண்ணைக் கவரும். இதை ஒரு வரியில் தள்ளிவிடலாம்: 4 ஜிபி, 64 பிட் நினைவகப் பாதை, ஸ்லொட்டில் தரவு போக 4 தடம் மட்டும், வீடியோ என்கோடர் (வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதி) அறவே இல்லை. பிசிஐஇ (கார்ட்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) 3.0 மட்டுமே உள்ள போர்டிலோ, ரைசன் 5 5500 போன்ற 3.0 சிபியுவோடோ போட்டால் அந்த 4 தடத்தின் வேகமும் பாதியாகும். எடிட்டிங் செய்யும் வீட்டுக்கு இது ஆகாது.

மூன்றாவது என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. இதிலும் பெயர்க் குழப்பம். 2022இல் வந்த 8 ஜிபி 3050 ஒன்று, 2024 பெப்ரவரியில் வந்த 6 ஜிபி 3050 வேறொன்று. பின்னதில் கோர் குறைவு (2560க்குப் பதில் 2304), நினைவகப் பாதையும் ஒடுக்கம் (128க்குப் பதில் 96 பிட்). ஆனால் அதற்கென்று ஒரு நல்ல இடம் உண்டு. அது இழுப்பது 70 வாட்தான், பெரும்பாலான மாதிரிகளில் தனி மின்கம்பியே தேவையில்லை. அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கும் பழைய பிராண்ட் கணினிகளில் பவர் சப்ளை சிறிது, கார்ட்டுக்கான கம்பியும் இராது. அப்படி ஒன்றைக் கேமிங்குக்கு மாற்ற நினைப்பவருக்கு இதுதான் கார்ட். இந்த இளைஞருக்கு அல்ல.

எஞ்சியவை மூன்று: ஆர்எக்ஸ் 6600 (8 ஜிபி, 132 வாட்), ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி, 170 வாட்), ஆர்டிஎக்ஸ் 4060 (8 ஜிபி, 115 வாட்). கேம் மட்டும் என்றால் 6600இல் முடிவு ஆகியிருக்கும். 1080பியில் 3060ஐ ஒட்டிய வேகம், விலையும் குறைவு. மிச்சக் காசில் நல்ல எஸ்எஸ்டி வாங்கலாம்.

அண்ணன் 3060ஐப் பிடித்துக்கொண்டு நின்றார். “12 ஜிபி எண்டா எடிட்டிங்குக்கு நல்லம்தானே” என்பது அவர் வாதம். தப்பில்லை. 4கே டைம்லைனில் நொய்ஸ் ரிடக்‌ஷன் ஏற்றி வேலை செய்பவருக்கு 8 ஜிபி மூச்சு முட்டும். ஆனால் இவர்கள் கொடுப்பது 1080பி கலியாண வீடியோ. அதற்கு 8 ஜிபி போதும். கேமில் 4060, 3060ஐவிட ஏறத்தாழ 15 முதல் 20 வீதம் வேகம். இருந்தும் வாதத்தை முடித்தது வேகமோ ஜிபியோ அல்ல, மேசைக்குக் கீழே கிடந்த யூபிஎஸ்.

சுவரிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால்

650 விஏ என்று எழுதியிருக்கும் யூபிஎஸ் 650 வாட் தராது. மாதிரிக்கு மாதிரி 325 முதல் 390 வாட் வரைதான். இந்த வீட்டு யூபிஎஸ்ஸின் பின்புறத்தில் 360 வாட் என்று இருந்தது. அதை உச்சவரம்பாக வைத்துக் கணக்குப் போட்டால்:

சிபியு (ஐ5-12400) முழுச் சுமையில் 117 வாட். மதர்போர்ட், ரெம், எஸ்எஸ்டி, விசிறிகளுக்குச் சேர்த்து 40. இதோடு கார்ட்டின் வாட்டைக் கூட்டி, பவர் சப்ளையின் திறன் 85 வீதம் என்று வைத்து 0.85ஆல் வகுக்க வேண்டும். கடைசியில் மொனிட்டருக்கு 25.

ஆர்டிஎக்ஸ் 4060: 272ஐ 0.85ஆல் வகுத்தால் 320, மொனிட்டரோடு 345 வாட். உள்ளே நிற்கிறது.
ஆர்எக்ஸ் 6600: 365 வாட். விளிம்பைத் தாண்டி நிற்கிறது.
ஆர்டிஎக்ஸ் 3060: 410 வாட்.
ஆர்எக்ஸ் 580: 427 வாட்.

கேம் ஓடும்போது சிபியு ஒருபோதும் 117க்குப் போகாது என்று சொல்வார்கள். உண்மைதான், பெரும்பாலும் 60, 70இல் நிற்கும். ஆனால் வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழுக் கோப்பாக எழுதுவது) ஆகும்போது சிபியுவும் கார்ட்டும் சேர்ந்தே இழுக்கும். கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. மிகைச்சுமையின் தொல்லை என்னவென்றால், கரண்ட் இருக்கும்வரை அது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. போன அந்த நொடியில் யூபிஎஸ் நீளமாக ஒரு பீப் அடித்துவிட்டுத் தானும் அணைந்துவிடும். நாலு மணிநேர ரெண்டரும் அதோடு போய்விடும்.

யூபிஎஸ்ஸை மாற்றலாமே என்றால் மாற்றலாம். ஆனால் 3060க்குப் போய், அதற்காக 1000 விஏ யூபிஎஸ்ஸும் வாங்கும் காசில் 4060 வந்துவிடும். அத்தோடு ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும்: இந்தச் சின்ன யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று. 300 வாட் சுமையில் அது சில நிமிடம்தான் தாங்கும். அது கேமை முடிப்பதற்கான நேரமல்ல, சேவ் பண்ணி ஒழுங்காக நிறுத்துவதற்கான நேரம்.

அடுத்தது கேசிங்கோடு வந்த ‘500 வாட்’. மூடியைக் கழற்றி அதன் பக்கத்து ஸ்டிக்கரைப் பார்த்தால் 12 வோல்ட் வரிசையில் 18 அம்பியர் என்று இருந்தது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். சிபியுவும் கார்ட்டும் உயிர் வாழ்வது இந்த 12 வோல்ட்டில்தான். இரண்டுக்கும் சேர்த்து 232 வேண்டும். பெட்டியின் மேல் எழுதிய 500, 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் சேர்த்துப் பெருக்கிய அலங்கார எண். இத்தகைய சப்ளையில் கார்ட் போட்டால் நடப்பது வழமையாக இதுதான்: டெஸ்க்டொப் நன்றாக வரும், கேமும் தொடங்கும், பத்து நிமிடத்தில் திரை கறுத்துக் கணினி தானாக மறுபடி ஓடத் தொடங்கும். பலர் இதைக் கார்ட்டின் பிழை என்று நினைத்துக் கார்ட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார்கள்.

எனவே 550 வாட், 80 பிளஸ் புரொன்ஸ் (மின் திறனுக்கான தரச் சான்று), 12 வோல்ட்டில் 45 அம்பியர் தரும் சப்ளை ஒன்று வாங்கப்பட்டது. வாங்கும்போது கரண்ட் போய் யூபிஎஸ்ஸுக்கு மாறும் அந்தக் கணத்தைக் கடையிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. மலிவு யூபிஎஸ்கள் தருவது மெய்யான சைன் அலை அல்ல, படிக்கட்டு மாதிரியான போலி அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (மின் இழுப்பைச் சீராக்கும் சுற்று) உள்ள சில பவர் சப்ளைகள் அதை ஏற்காமல் அணைந்துவிடும். யூபிஎஸ்ஸில் மிகைச்சுமையும் இராது, பற்றரியும் நல்லாயிருக்கும், ஆனாலும் கணினி நின்றுவிடும். இந்தச் சோடி ஒத்துப்போனது.

அண்ணனின் கமரா

சிபியு தெரிவில் முதலில் இருந்தது ஐ5-12400எஃப். அந்த ‘எஃப்’ இல்லாத 12400 சற்று விலை கூட. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்ட் போடுகிறவருக்கு அது எதற்கு என்பதுதான் வழமையான புத்திமதி, பொதுவாகச் சரியானதும் கூட.

இங்கே அது பிழையாகியிருக்கும். அண்ணனின் கமரா பதிவது 10 பிட், 4:2:2 எச்.265 கோப்பு, அதாவது நிறத் தகவலைக் கூடுதலாக வைக்கும் வகை. ஆர்டிஎக்ஸ் 30, 40 தொடர்க் கார்ட்டுகளின் டிகோடருக்கு (வீடியோக் கோப்பை விரிக்கும் பகுதி) 4:2:2 தெரியாது. 12ஆம் தலைமுறை இன்டெல் சிபியுவுக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸின் குயிக் சிங்க் என்ற வீடியோப் பகுதிக்குத் தெரியும். இலட்ச ரூபாய்க் கார்ட் இருந்தும் டைம்லைன் தட்டுத் தடுமாறி ஓட, சிபியுவோடு இலவசமாக வந்ததைப் போட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடும் காட்சி இதனால்தான். எஃபெக்ட், நிறத் திருத்தம், ஏற்றுமதி எல்லாவற்றுக்கும் 4060. கோப்பை விரிப்பதற்கு மட்டும் குயிக் சிங்க். அதனால் எஃப் இல்லாத 12400. கார்ட் எப்போதாவது வாரண்டிக்குக் கொழும்பு போனாலும் கணினி திரை காட்டும் என்பது மேலதிக இலாபம்.

தெரிவான கார்ட் இரண்டு விசிறி 4060. மூன்று விசிறி மாதிரியைக் கடையில் சில ஆயிரம் கூட்டிக் காட்டினார்கள். 115 வாட் கார்ட்டுக்கு மூன்று விசிறி என்பது ஆட்டோவுக்கு ஆறு சில்லு மாதிரி. அதோடு கேசிங்கின் முன் விசிறிக்கும் ஸ்லொட் தகட்டுக்கும் இடையே அளவுநாடா வைத்துப் பார்த்தபோது கிடைத்த இடம் 285 மில்லிமீற்றர். மூன்று விசிறிக் கார்ட்டுகள் பல 300ஐத் தொடும். கேசிங் பெட்டியில் எழுதியிருக்கும் ‘அதிகபட்ச நீளம்’ முன் விசிறி இல்லாத அளவு என்பதால் அதை நம்பக் கூடாது. 25 மில்லிமீற்றர் கழிக்க வேண்டும்.

மாமா கட்டாரிலிருந்தே கார்ட்டைக் கொண்டுவரலாம் என்ற யோசனையும் வந்தது. விலை சற்றுக் குறையலாம், ஆனால் இங்குள்ள முகவர் அந்த வாரண்டியை ஏற்பதை எதிர்பார்க்க முடியாது. இங்கே வாங்கினாலும் வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். எரிந்த அடையாளம், துரு, உடைவு ஆகியவற்றுக்கு வாரண்டி இல்லை என்ற வரி வழமையாக அங்கே இருக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் கல்லடியில் ‘துரு’ என்ற அந்தச் சொல் சின்ன விடயமல்ல.

பொருத்திய இரவு

கார்ட் கொழும்பிலிருந்து ஏசி பஸ்ஸில் வந்தது. குளிர்ந்த உலோகத்தை மட்டக்களப்பின் ஈரக்காற்றில் உடனே பிரித்தால் அதன்மேல் நீர் முத்து முத்தாய்ப் படியும். பொதியைப் பிரிக்காமல் ஒரு மணிநேரம் வைத்தார்கள்.

முறை இதுதான். பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்து, கேசிங் உலோகத்தை ஒருமுறை தொட்டுக் கையின் நிலைமின்னை இறக்க வேண்டும். கேசிங்கின் பின்னால் இரண்டு தகடுகளைக் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டுக் கார்ட்டை அமுக்கி, ஏன் இறங்கவில்லை என்று முழிப்பவர்களே அதிகம். சிபியுவுக்குக் கிட்டவுள்ள நீள ஸ்லொட்டின் பூட்டைத் திறந்து, ‘டிக்’ என்ற சத்தம் கேட்கும்வரை கார்ட்டை நேராக இறக்க வேண்டும். திருகாணிகளை இறுக்கிய பிறகே மின்கம்பி. 6+2 என்று பிரிந்திருக்கும் முனைதான் கார்ட்டுக்கு. 4+4 என்று பிரிவது சிபியுவுக்கு. இரண்டும் எட்டு ஊசிதான், ஆனால் உள்ளே வயர் ஒழுங்கு நேரெதிர். போகவில்லை என்றால் அமுக்காமல் எடுத்துப் பார்க்க வேண்டும். கம்பியை மறந்தால் அல்லது அரைகுறையாகச் செருகினால், மின்கம்பியைப் பொருத்தும்படி கார்ட்டே திரையில் எழுதிக் காட்டும்.

இவையெல்லாம் பிழையில்லாமல் நடந்தன. விண்டோஸ் ஏறியது, டிரைவர் ஏறியது. அரை ஜிபிக்கு மேலான கோப்பு என்பதால் முதல் நாள் இரவு டேட்டாவிலேயே இறக்கிவைத்திருந்தார்கள். ஜிடிஏ திறந்ததும் படம் நொண்டியது. நல்ல கார்ட்டில் நொடிக்கு நூறு படத்தைத் தாண்ட வேண்டிய கேம் இருபதில் இழுபட்டது. போலிக் கார்ட்டோ என்ற பயம் வீட்டில் ஒரு மணிநேரம் நின்றது.

டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கம் போனால் விடை அப்படியே இருந்தது: ஜிபியு 0, இன்டெல் யூஎச்டி 730, நூறு வீதம்; ஜிபியு 1, ஆர்டிஎக்ஸ் 4060, பூச்சியம். எச்டிஎம்ஐ வயர் மேலே மதர்போர்டில் செருகப்பட்டிருந்தது. சாதாரணமாகக் கார்ட் இருக்கும்போது மதர்போர்டின் எச்டிஎம்ஐ திரை காட்டாது, பிழை உடனே பிடிபடும். இங்கே குயிக் சிங்க்குக்காக பயோஸில் உள் கிராபிக்ஸைத் திறந்துவைத்திருந்ததால் திரை வந்துவிட்டது. வயரைக் கீழே கார்ட்டுக்கு மாற்றியதோடு கேம் தன் வேகத்துக்கு வந்தது. பின்புறத்தில் செங்குத்தாக நிற்பது மதர்போர்டின் துளை, கிடையாக இருப்பவை கார்ட்டின் துளைகள் என்று நினைவில் வைத்தால் போதும். உள் கிராபிக்ஸைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம்.

சூடும் உப்பும்

இணையத்தில் வரும் கார்ட் மதிப்பாய்வுகளில் அறை வெப்பம் 21, 24 பாகை. கச்சான் வீசும் மாதங்களில் கல்லடி அறையில் பிற்பகல் 33. கார்ட்டின் சூடு அறை வெப்பத்தின் மேல்தான் ஏறி நிற்கும். 24இல் 65 காட்டியது இங்கே 74 காட்டும். அதில் பயமில்லை. 83, 84ஐ ஒட்டி நின்று வேகம் விழுந்தால்தான் கேசிங்கின் காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும்.

மொனிட்டர் 75 ஹேர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 75 படத்துக்கு மேல் கார்ட் வரைவதெல்லாம் வீண். என்விடியா கண்ட்ரோல் பனலில் அதிகபட்ச ஃப்ரேம் வேகத்தை 75 என்று கட்டிவிட்டால், வலரன்ட் போன்ற இலகுவான கேமில் கார்ட் ஏறக்குறைய தூங்கும். சூடும் குறையும், யூபிஎஸ்ஸுக்கும் மூச்சு வரும். கடையில் பெரிதாகச் சொல்லும் ஃப்ரேம் ஜெனரேஷன் (இடையிடையே படங்களைத் தானே உருவாக்கிச் சேர்ப்பது) இந்த மொனிட்டரில் பெரிதாக உதவாது. இல்லாத படங்களை நிரப்பிக் காட்டத் திரையில் இடமில்லை.

உப்புக் காற்று கார்ட்டில் முதலில் தொடுவது பின் தகட்டையும் திருகாணியையும். கேசிங்கைக் கடல் பக்கத்து யன்னலுக்குக் கீழே வைக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புளோவரால் தூசு ஊத வேண்டும், ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் வெறியாகச் சுற்றவிட்டால் பெயரிங் போகும். மாரி காலத்தில் கணினியை வாரக்கணக்கில் மூடிவைப்பதைவிடத் தினமும் சற்று நேரம் ஓடவிடுவது நல்லது, உட்சூடு ஈரத்தைத் துரத்தும். பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக்கோ, எர்த்தைத் துண்டிக்கும் உருளை முனை அடப்டரோ இருந்தால் கேசிங்கைத் தொடும்போது மெல்லச் சுள்ளென்று அடிக்கும். அது கார்ட்டின் பிழையல்ல, மின்வேலைக்காரரைக் கூப்பிட வேண்டிய வேலை.

பாவித்த கார்ட்டே கதி என்றிருப்பவர், ஓடும் கணினியில் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ஜிபியு-இஸட்டில் பெயருக்கு முன்னால் போலி என்ற குறி வருகிறதா, ஷேடர் எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டு, கார்ட்டை முழுச் சுமையில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க்கை 15 நிமிடம் ஓடவிட வேண்டும். கார்ட்டின் சராசரிச் சூட்டுக்கும் ஹொட் ஸ்பொட் (சிப்பில் மிகச் சூடான இடம்) சூட்டுக்கும் இடையே 25 பாகைக்கு மேல் வித்தியாசம் என்றால் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அது விலையைக் குறைக்கக் காரணம். திரையில் புள்ளியோ சதுரமோ மின்னினால் நினைவகம் போய்விட்டது. அப்படியே வைத்துவிட்டு வர வேண்டும்.

இதே தேவையோடு பிறகு வருபவருக்குப் பெயர்கள் மாறிவிட்டன. 2024 டிசம்பரில் இன்டெல் ஆர்க் பி580 (12 ஜிபி, 190 வாட்), 2025 மே மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 (8 ஜிபி, 145 வாட்), ஜூனில் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வந்தன. அண்ணனின் 4:2:2 கோப்பை 5060 தானே விரிக்கும் என்பதால் அதனோடு எஃப் சிபியு போட்டாலும் குறையில்லை. ஆனால் அதே கணக்கில் 5060 கேட்பது 380 வாட். 360 வாட் யூபிஎஸ்ஸில் அது நிற்காது. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை 85 வீதத்துக்கு இறக்கினால்தான் 355க்கு வரும், இழக்கும் வேகம் கொஞ்சம்தான். ஆர்க் கார்ட்டுக்கு ரீசைசபிள் பார் (கார்ட்டின் முழு நினைவகத்தையும் சிபியு ஒரேயடியாக எட்ட விடும் வசதி) வேண்டும். அது இல்லாத பழைய போர்டில் வேகம் பாதாளத்துக்குப் போகும்.

கழற்றிய அந்த ‘500 வாட்’ சப்ளை களுவாஞ்சிக்குடி ஸ்டூடியோவில், கார்ட் இல்லாமல் பில் அடிக்க மட்டும் வைத்திருக்கும் கணினி ஒன்றில் ஓடுகிறது. அங்கே 216 வாட் தாராளம்.